பயணம் சொல்லிக்கொண்டவரின் பல்வலி

செக்காலை ரோட்டில் பல்லுக்கென்றே ஒரு டாக்டர் வந்து, சாய்கிற நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆறு மாதமாகிறது. போன வாரம் ஆஸ்பத்திரிப் பக்கம் போயிருந்தேன். என் இடத்தில் இப்போது இருக்கும் கம்பவுண்டர், "இனிமே பல்வலிக்காரங்க தொல்லை நமக்கு இல்லீங்க. எல்லாரையும் அங்குட்டு அனுப்பிச்சிடுறேன். என்னதான் கத்தினாலும் பல்வலியில செத்தவன் உண்டா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

சாவின் வாசல்வரை போனவர் உண்டு என்றேன். அவர் நம்பவில்லை. நின்றபடியே சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை அது. ஆகவே என் நாட்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நாற்காலி வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த நாற்காலிவரை போய்ச் சேராதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் வந்து நிற்பது கம்பவுண்டரின் ஜன்னலில்தான்.

நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். மதுரையில் படித்து, கம்பவுண்டர் பரீட்சை தேறி, பதினாலாம் வருஷத்து ஐரோப்பிய யுத்தம் தொடங்குவதற்கு முன்பே காரைக்குடிக்கு வந்துவிட்டேன். பல்லைப் பற்றி எங்களுக்கு நடந்தது அரை நாள் பாடம். கிராம்பு எண்ணெய், பஞ்சு, குறடு. அவ்வளவுதான். மீதியெல்லாம் டாக்டர் ஞானமுத்துவின் கீழே வேலை பார்த்தபோது தெரிந்துகொண்டது.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மெலிந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள், செய்த தப்பு என்னவென்று எங்களுக்கே தெரிந்துவிடும். பல்வலி என்று வருகிறவரிடம் மற்றவர்களைப் போல "எந்தப் பல்லு?" என்று ஆரம்பிக்க மாட்டார். "காலையில என்ன சாப்பிட்டீங்க? தண்ணி இறங்குச்சா?" என்பார். பல் வலிக்கத்தான் செய்யும், அது ஆளைக் கொல்லாது, பல்லின் வேரைவிட்டுக் கீழே இறங்கின சீழ்தான் கொல்லும் என்பது அவர் கட்சி.

ஆகவே பல்வலிக்காரர் எவரானாலும் நான்கு சோதனை செய்யாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்று வைத்திருந்தார். வாயைத் திறக்கச் சொல்லி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நோயாளியின் விரல்களையே வைக்கச் சொல்ல வேண்டும். மூன்று விரல் போனால் நல்லது, ஒன்றுதான் போகிறது என்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அடுத்து, நாக்கை வெளியே நீட்டச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு கரண்டித் தண்ணீரை நம் கண்முன்னே விழுங்கச் சொல்ல வேண்டும். கடைசியாக, தாடை எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும், மோவாய்க்கு அடியிலும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று இருந்தால் சரி. பலகை மாதிரி இருந்தால் ஆளை அங்கேயே உட்கார வைத்துவிட்டு ஓடிவந்து அவரைக் கூப்பிட வேண்டும். இதற்காகப் பதிவேட்டில் தனியாக நான்கு கட்டங்கள் கோடு போட்டுக் கொடுத்திருந்தார்.

பல் பிடுங்குவதற்கும் அவருக்கு ஒரு முறை இருந்தது. குறடு இருபது நிமிஷம் கொதிக்க வேண்டும். பிடுங்கின இடத்தில் சுருட்டிய துணியை வைத்துக் கடிக்கச் சொல்லி, சுவர்க் கடிகாரத்தில் அரை மணி ஆகும்வரை ஆளை எழுந்திருக்க விடக் கூடாது. எங்கள் ஊர்க்காரர்கள் பல் போனதும் செய்கிற முதல் காரியம் வாயைக் கொப்பளிப்பது, இரண்டாவது வெற்றிலை போடுவது. உறைந்த ரத்தத்தைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, சாயங்காலம் சட்டையெல்லாம் ரத்தமாகத் திரும்பி வருவார்கள். "நாளைக்குக் காலையிலவரைக்கும் துப்பாதீக, கொப்பளிக்காதீக, வெத்திலை வேண்டாம்" என்பதை ஒவ்வொருவரிடமும் சொல்லி, அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்து அனுப்புவேன்.

சிரிக்கிற மாதிரியும் சில நடந்தன. ஒரு மாசி மாதம் மஞ்சுவிரட்டில் மாடு முட்டி, முன்பல் ஒன்று வேரோடு விழுந்து ஒரு வாலிபன் வந்தான். டாக்டர், "பல்லு எங்கே?" என்றார். அவன் தாயார், "அது எதுக்குங்க, கூரை மேல எறிஞ்சுட்டேன்" என்றாள். பால்பல் விழுந்தால் கூரையில் எறிகிற பழக்கம். மகனுக்கு மீசை வந்துவிட்டது என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். உடனே பங்காளிகள் இரண்டு பேர் ஓடிப்போய் ஓட்டுக்கூரையில் ஏறித் தேடி, பல்லைக் கண்டுபிடித்து, சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தார்கள். "தேய்க்காம, காயாம, அவன் எச்சில்லயே வச்சு உடனே கொண்டாந்திருந்தா திரும்ப நட்டுக் கட்டியிருக்கலாம். இப்ப இது வெறும் எலும்பு" என்றார் டாக்டர். அதிலிருந்து மஞ்சுவிரட்டுத் தொழுவத்துக்கு நானே போய், விழுந்த பல்லை எறியக் கூடாது, வேரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வருவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இனி எழுத வேண்டியது, நான் செய்த தப்பைப் பற்றியது.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பர்மாவில் கடை வைத்திருந்த செட்டியார்கள், தங்கள் ஆட்களை மூன்று வருஷத் தவணைக்கு அனுப்புவார்கள். நேமத்தான்பட்டி சாத்தப்பன் அப்படிப் புறப்பட்டவர். வயது முப்பத்திரண்டு. வேலைக்கு ஏற்பாடு செய்தவர் அவர் மனைவியின் அண்ணன் முத்துக்கருப்பன்.

பயணத்துக்கு ஜோசியர் குறித்த நல்ல நேரம் ஒரு நாளும், திருச்சிராப்பள்ளிக்கு மோட்டார் புறப்படுவது வேறொரு நாளுமாக இருந்தால், குறித்த நேரத்தில் வீட்டைவிட்டு வெளியேறி வேறிடத்தில் தங்கிக்கொள்வார்கள். பரஸ்தானம் என்று பெயர். அந்த நிமிஷத்திலிருந்து அவர் பயணத்தில் இருப்பவர். வீட்டுக்குத் திரும்பக் கூடாது. உடம்பில் கத்தி படக் கூடாது. வழியனுப்பி வைத்த மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் பயணம் முறிந்துவிடும். சாத்தப்பன் ஞாயிற்றுக்கிழமை காலையில் பயணம் சொல்லிக்கொண்டு, சாக்கோட்டையில் ஒரு மடத்தில் வந்து தங்கியிருந்தார். மோட்டார் வியாழக்கிழமை.

திங்கட்கிழமை உச்சிவேளையில் சாத்தப்பனும் முத்துக்கருப்பனும் என் ஜன்னலுக்கு வந்தார்கள். கீழ்வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப்பல் சொத்தை. கன்னம் லேசாக வீங்கியிருந்தது.

"பிடுங்கணும்போல இருக்கு, டாக்டரைப் பாருங்க" என்றேன்.

"பிடுங்குற பேச்சே வேணாம் கம்பவுண்டரே" என்றார் முத்துக்கருப்பன். "பயணம் சொல்லியாச்சு. ரத்தம் வரப்படாது. வலிக்கு ஏதாச்சும் குடுங்க, ரங்கூன்ல போய்ப் பாத்துக்கிறோம்."

டாக்டர் இருபதடி தள்ளி, உள்ளே ஒரு பிரசவ கேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் பதினைந்து பேர் நின்றார்கள். சொத்தைப் பல் கண்ணுக்குத் தெரிந்தது, வேறென்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். கிராம்பு எண்ணெயில் பஞ்சை நனைத்து வைத்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னேன். அவர்கள் போன பிறகு பதிவேட்டை எடுத்து, நான்கு கட்டங்களிலும் "சரி, சரி, சரி, சரி" என்று எழுதினேன். ஒன்றையும் நான் சோதிக்கவில்லை. அன்று வீட்டில் என் நாட்குறிப்பில் மட்டும், "சாத்தப்பன், நேமத்தான்பட்டி. தாடைக்குக் கீழே தொட்டுப் பார்க்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு, மறுநாள் சாக்கோட்டைக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு வண்டியில் அவரைக் கொண்டுவந்தார்கள். படுக்க முடியாமல், முன்னால் சாய்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். எச்சில் வடிந்து மடியில் இருந்த துண்டு நனைந்திருந்தது. பேசினால் வாயில் சுடுசோறு வைத்துக்கொண்டு பேசுகிற குரல். மடத்தில் இரண்டு நாளாகத் தவிட்டு ஒத்தடம் கொடுத்து, மேலே பற்றும் போட்டிருந்தார்கள். சூடு பட்டுத் தோல் கறுத்திருந்தது. வெளியிலிருந்து சூடு வைத்தால் சீழ் வாய்க்குள் உடையாமல் கழுத்துப் பக்கம் இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை.

டாக்டர் மோவாய்க்கு அடியில் விரலை வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். கட்டை. காதுக்குக் காது கட்டை. வாய் ஒரு விரல்தான் திறந்தது. நாக்கு மேலே எழும்பி அண்ணத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"இப்பவே கீறி விடணும்" என்றார் டாக்டர்.

சாத்தப்பன் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். முத்துக்கருப்பன் கை கூப்பினார்.

"டாக்டரய்யா, நாளைக்கு மோட்டார். பரஸ்தானத்துல இருக்காக. கத்தி பட்டா அது எங்க தங்கச்சி வள்ளி தாலிக்கு ஆகாதுன்னு சொல்லுவாக. அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். மருந்தாக் குடுங்க."

டாக்டர் வாதாடவில்லை. "கம்பவுண்டர், ரெண்டு கரண்டியில தண்ணி" என்றார். ஒன்றை முத்துக்கருப்பனிடம் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். அவர் விழித்துவிட்டுக் குடித்தார். மற்றதைச் சாத்தப்பன் வாயில் விட்டார். அவர் விழுங்கப் பார்த்தார். கண் பிதுங்கியது. தண்ணீர் கடைவாய் வழியாக அப்படியே துண்டில் வழிந்தது.

"தண்ணி போகாத வழியில கொஞ்ச நேரத்துல காத்தும் போகாது செட்டியார். சாயங்காலம்வரை தாங்குமான்னு எனக்குத் தெரியலை. உங்க நம்பிக்கைக்குள்ள நான் வரலை. ஆனா அவர் சம்மதிக்காம நான் கத்தியை எடுக்க முடியாது."

முத்துக்கருப்பன் மைத்துனரைப் பார்த்தார். சாத்தப்பன் கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் தலையை ஆட்டினார். பிடிவாதம் என்று அப்போது நினைத்தேன். அப்படியில்லை. தன் உயிரைவிட மனைவியின் தாலியைப் பற்றித்தான் அந்த மனிதர் பயந்தார்.

டாக்டர் என்னிடம் திரும்பி எல்லாவற்றையும் கொதிக்க வைக்கச் சொன்னார். கத்தி, மழுங்கின இடுக்கி, ரப்பர்க் குழாய், அத்துடன் மூச்சு நின்றால் கழுத்தில் துளை போட்டுச் செருகுகிற வெள்ளிக் குழாய். அதை மட்டும் துணி போட்டு மூடி வைக்கச் சொன்னார். வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. மடத்துச் சமையல்காரர் விடியற்காலையிலேயே நேமத்தான்பட்டிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். வந்து இறங்கியது சாத்தப்பனின் மனைவி, வள்ளியம்மை ஆச்சி.

முத்துக்கருப்பன் வாசலுக்கு ஓடினார். "வள்ளி, உள்ள வராத. அங்குட்டே நில்லு. முகத்தப் பாத்துறாத."

"பாக்கத்தாண்ணே வந்தேன்."

"ஆயிரம் தடவ சொல்லியிருக்கு. பயணம் முறிஞ்சு போகும் ஆத்தா."

"எந்தப் பயணம்? அவுக மேலோகத்துக்குப் போற பயணமா?" என்றாள் ஆச்சி. "விலகுங்கண்ணே. கன்னம் வீங்கினவரை வழியனுப்பி வச்சவ நான். எனக்குத் தெரியும்."

நேராக உள்ளே வந்து கணவர் எதிரே நின்றாள். அவர் இன்னும் இறுகக் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு கீச்சுக் கீச்சென்று கேட்டது.

"இங்குட்டு நிமிந்து பாருங்க" என்றாள். அவர் பார்க்கவில்லை. "கண்ணத் தொறங்க. நீங்க பாக்குறவரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகரப்போறதில்ல. உங்களுக்கோ நேரமில்லங்கிறாக."

அவர் கண்ணைத் திறந்தார். ஆச்சி அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள், அவரும் பார்த்தார். பிறகு அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"முறிஞ்சு போச்சு. இனி இவுக பயணக்காரர் இல்ல, சீக்காளி. நீங்க கீறுங்க டாக்டரய்யா. பேச்சு வந்தா எனக்கு வரட்டும்."

டாக்டர் சாத்தப்பனைப் பார்த்தார். அவர் தலையைக் கீழ்நோக்கி ஒரு முறை அசைத்தார். சம்மதம்.

படுக்க வைத்தால் மூச்சு நின்றுவிடும். ஆகவே நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்தில் போட்டு, உட்கார்ந்தபடியே செய்ய வேண்டியிருந்தது. நான் பின்னால் நின்று தலையை என் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். முத்துக்கருப்பன் கைகளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கட்டைச் சதையில் மரத்துப்போகப் போடுகிற ஊசி பிடிக்காது என்று டாக்டர் போடவில்லை. அயோடின் தடவினார். மோவாய்க்கு அடியில் நடுவாக ஒரு கீறல், இரண்டு விரல் நீளம். நிறையச் சீழ் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கத்தியை வைத்துவிட்டு, மூடின இடுக்கியை உள்ளே விட்டு, உள்ளேயே விரித்து, விரித்தபடியே வெளியே எடுத்தார். இரண்டாவது முறை அப்படி விரித்தபோது, தண்ணீராக, பழுப்பாக, சகிக்க முடியாத நாற்றத்தோடு வந்தது. வலது தாடைக்குக் கீழே இன்னொரு கீறல். இரண்டிலும் ரப்பர்க் குழாயை வைத்துத் தைத்தார். சாத்தப்பன் கத்தவில்லை, கத்த வாயில் இடமில்லை. ஒரு கையை உதறி விடுவித்து, என் சட்டையைப் பின்னால் எட்டிப் பிடித்திருந்தார், அது கிழிந்தது.

வெள்ளிக் குழாய் துணிக்கு அடியிலேயே இருந்தது. சாயங்காலம்வரை அதைத் திரும்ப அலமாரியில் எடுத்து வைக்க டாக்டர் விடவில்லை. நான்கு மணிக்கு மூச்சில் கீச்சுச் சத்தம் குறைந்தது. மறுநாள் காலையில், மோட்டார் புறப்படுகிற நேரத்தில், அவர் ஒரு கரண்டித் தண்ணீரை விழுங்கினார். ஆறாம் நாள் வாய் இரண்டு விரல் திறந்ததும் அந்தப் பல்லை எடுத்தோம். வேர் இரண்டும் கறுத்திருந்தன.

புதன்கிழமையே, கை கழுவினதும், பதிவேட்டை எடுத்துப்போய் டாக்டர் முன்னால் விரித்து வைத்தேன். திங்கட்கிழமை எழுதினது பொய் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"மருந்தை மாத்திக் குடுத்தா நோயாளிக்கு மட்டும் கெடுதல். பாக்காம 'சரி'ன்னு எழுதினா, அடுத்துப் பாக்குறவன் கண்ணையும் கட்டுறீங்க" என்றார். நான்கு 'சரி'களையும் அடித்து, "பார்க்கவில்லை" என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்தப் பக்கம் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கும். இப்போதைய கம்பவுண்டர் தேடிப் பார்க்கலாம். சாத்தப்பனிடமும் ஆச்சியிடமும் நானே போய்ச் சொன்னேன். ஆச்சி, "சொன்னீகளே, அது போதும். இனி வாறவுகளைத் தொட்டுப் பாருங்க" என்றாள்.

வருகிறவர்களைத் தொட்டுப் பார்த்தால் போதாது என்று எனக்குப் பட்டது. பயணம் சொல்லிக்கொண்ட பிறகு வருகிறவரிடம் பல்லைப் பிடுங்கு என்றால் நடக்காது. நாள் குறிப்பதற்கு முன்பே அவர் வாயைத் திறக்க வேண்டும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேமத்தான்பட்டிக்குப் போய் ஜோசியரைப் பார்த்தேன்.

"என்ன கம்பவுண்டரே, இனிமே நீங்கதான் நாள் பாக்கப்போறீகளாமே?" என்றார் அவர். அந்தச் சங்கதி அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. "பொம்பளைய உள்ள விட்டுப் பயணத்த முறிச்சுப்புட்டு இங்குட்டு எதுக்கு வந்தீக?"

"நீங்க குறிச்ச நாளு நல்ல நாளுதான் ஜோசியரே, அதுல குத்தமில்லை. ஆனா அந்த மனுசன் நடுக்கடல்ல செத்துப் போயிருந்தா, ஊர்ல பல்லையா குத்தம் சொல்லுவாக? உங்களத்தான் சொல்லுவாக."

அவர் வெற்றிலையை மென்றபடி என்னைப் பார்த்தார். "சரி, நான் என்ன செய்யணுங்கிறீக?"

"உங்ககிட்ட நாள் கேக்க ரெண்டு மாசம் முன்னாடியே வாராக. வாறவுகள முதல்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. கெட்ட பல்லு இருந்தா எடுத்து, புண்ணு ஆறின பிறகு நாள் குறிங்க. புண்ணோட பயணம் ஆகாதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாக."

"அது பொய்யில்லையே" என்றார் யோசித்து. "புண்ணோட கிளம்பப்படாதுங்கிறது உள்ளதுதான்." பிறகு வாயைத் திறந்து காட்டினார். "அப்படியே இதையும் பாத்துருங்க. இடப்பக்கம் ரெண்டு வாரமாக் குத்துது." நான்கு சோதனையும் அங்கேயே செய்தேன்.

இரண்டு மாதத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு புட்டியில் கிராம்பு எண்ணெயும், என் கையால் எழுதின ஒரு சீட்டும் கொடுத்தோம். "இது வலிக்கு மட்டும். வாய் திறக்கவில்லை என்றாலும், தண்ணீர் இறங்கவில்லை என்றாலும், மோவாய்க்கு அடியில் கெட்டியானாலும் இதை நம்ப வேண்டாம். கப்பலில் இருந்தால் கப்பல் டாக்டரிடமும், கரையில் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் போகவும். வெளியே சூடு வைக்க வேண்டாம்." ஓய்வு பெறுகிறவரை அந்தச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

சாத்தப்பனின் இடத்துக்கு வேறு ஆள் போய்விட்டதால், அந்தத் தவணை அவருக்கு இல்லாமல் போயிற்று. அந்த வருஷக் கடைசியில் பர்மாவுக்குப் புறப்பட்டவர் முத்துக்கருப்பன். ஜோசியர் அவரையும் அனுப்பியிருந்தார். ஒரு காலை வேளையில் சாத்தப்பனும் வள்ளியம்மை ஆச்சியும் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அன்று ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். முத்துக்கருப்பனுக்கு எடுக்க வேண்டிய பல் ஒன்று இருந்தது. குறடு கொதிக்கிற சத்தத்தைக் கேட்டு மூன்று முறை வெளியே போய்விட்டு வந்தார்.

வரிசையில் நின்ற ஒரு பெண்பிள்ளை பக்கத்திலிருந்தவளிடம், எல்லோர் காதிலும் விழும்படியாக, "இந்தா நிக்கிறாளே, இவதான் புருசன் பயணத்த முறிச்சவ" என்றாள்.

ஆச்சி திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. ஜன்னல் ஓரம், தாடையில் தழும்போடு, மைத்துனரின் மேல்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கணவரைச் சுட்டிக் காட்டினாள்.

"ஆமா, நான்தான். அவுக அந்தா நிக்கிறாக, பாத்துக்க."